கவிழ்த்த தோணியின் மேல்பக்கம்

தெய்வமணியக்காவுக்குத் தோணிகளின் முதுகுதான் பழக்கம். கேதீசனின் பட்டறைக்கு வருகிற எதையும் ஆண்கள் ஐந்தாறு பேர் கூடிக் கவிழ்த்து, பழைய லொறி ரயர்களின் மேல் கிடத்திவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகுதான் அவருக்கு வேலை. ஒட்டிக்கிடக்கும் சிப்பியைச் சுரண்ட வேண்டும். சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவி உப்பையும் எண்ணெயையும் போக்க வேண்டும். காய்ந்த பிறகு சாண்ட் பேப்பரை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, பழைய தீந்தைப் பூச்சு மாவாக உதிர்ந்து அடியிலிருக்கும் பைபர் மங்கலாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்தால் ஆண்கள் மறுபடி வருவார்கள். அக்கா விலகி நிற்பார்.

வாவிக்கரையில், முகத்துவாரத்துக்குப் போகிற தெருவோரம் இருக்கிறது அந்தப் பட்டறை. எதிர்ப்பக்கத்தில் ஆணியும் சாண்ட் பேப்பரும் தூரிகையும் விற்கிற கடையில் நான் இருக்கிறேன். வியாபாரம் இல்லாத நேரம் அதிகம். அதனால் அக்காவின் வேலையை நிறையப் பார்த்திருக்கிறேன். பேசியது குறைவு.

அங்கே தோணி கொண்டுவருகிற மீனவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கவிழ்ந்து கிடக்கும்வரை அது ஒரு சாமான், யாரும் தொடலாம். நிமிர்த்திச் சந்தனம் வைத்துவிட்டால் அது தோணி. பிறகு பெண்கள் அதைத் தொடக்கூடாது. தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்டுகிற நீர்க்கோடு போடுவதென்றால் தோணியை நிமிர்த்தித் தண்ணீரில் விட வேண்டும். ஆகவே கோடு ஆண்களுடைய வேலையாயிற்று. கோடு போடுகிறவர்தான் தீந்தையும் பூசுவார் என்பதால் தூரிகையும் ஆண்களோடு போயிற்று. பெண்களுக்கு மிஞ்சியது தூசி.

பைபர்த் தூசி சாதாரணத் தூசி அல்ல. கண்ணுக்குத் தெரியாத முள் அது. தோலில் ஏறினால் சொறியச் சொறிய உள்ளே போகும். அக்கா புருஷனுடைய பழைய நீளக்கைச் சட்டையைப் போட்டு, மணிக்கட்டில் றப்பர் வளையம் மாட்டி, தலையையும் வாயையும் ஒரு துணியால் கட்டிக்கொண்டுதான் தேய்ப்பார். அப்படியும் அது வீட்டுக்குக் கூடவே போய்விடும். அவருடைய புருஷன் வீரகத்தி அறுவடைக் காலத்தில் கரடியனாற்றுப் பக்கம் மெஷினோடு திரிகிற மனிதர். வீட்டுக்கு வந்தால் பாயில் படுக்க முடியவில்லை, குத்துகிறது என்று முற்றத்தில் போய்ப் படுப்பாராம். அக்கா இதைக் கலாஜினிக்குச் சொல்லிச் சிரித்தது தெருவரை கேட்டது. கலாஜினி கூடத் தேய்க்கிற பெண். வயதில் இளையவள், வாய் மூத்தது.

அக்கா பிறந்தது வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமத்தில். கல்யாணத்துக்கு முன்பு வயல் வட்டைக்குள் களை பிடுங்குவதும் கதிர் பொறுக்குவதுமாக இருந்தவர். சேற்றில் நின்றாலும் அங்கே மூச்சு நன்றாக வந்தது என்பார். கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்ததும் செய்ய நிலம் இல்லை. பட்டறையில் கழுவுவதற்கு ஆள் தேவை என்றார்கள், வந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், ஓ.எல். சோதனை எழுதி, ஒருத்தி கல்யாணமும் கட்டிப் போய்விட்டாள். அக்கா அதே ரயர்களுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டிருந்தார்.

இரண்டு மழைக்காலமாக இருமல் விடவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மருந்தைவிட முக்கியம் தூசியை விடுவது என்று சொல்லியிருக்கிறார். விட்டுவிட்டு என்ன செய்வது என்பதை அவர் சொல்லவில்லை. அக்கா தானே ஒரு வழி யோசித்தார். பட்டறையில் தூசி இல்லாத இடம் ஒன்றுதான், தூரிகை பிடிக்கிற இடம். அதைக் கேதீசனிடம் கேட்டார்.

கேதீசன் கெட்டவன் அல்ல. கேட்டால் உடனே இல்லை என்று சொல்ல வராது அவனுக்கு, அதனால் எதுவுமே சொல்லாமல் விட்டுவிடுவான். "கோடு போட யோகராசாண்ணன் இரிக்கிறாரே அக்கா, பாப்பம்" என்றான். பல மாதம் அந்தப் பாப்பம் அப்படியே கிடந்தது.

வைகாசியில் இரண்டு காரியம் சேர்ந்து நடந்தது. கோடு போடுகிற யோகராசா கண்ணில் வெள்ளை விழுந்து, அதை வெட்டிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனார். அதே கிழமை ஏறாவூரிலிருந்து றிஸ்லான் தன்னுடைய பாய்த்தோணியை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் வாவியில் வெளிநாட்டுச் சனத்தைப் பாய் விரித்து ஏற்றித் திரிகிறவன். பின்பக்கத்தில் ஒரு சின்ன மோட்டாரையும் புதிதாகப் பூட்டியிருந்தான். அந்தப் பாரத்தில் தோணி முன்னைவிடத் தாழ்ந்து, பழைய கோடு தண்ணீருக்குள் போய், அதற்கு மேலே பாசி படர்ந்துவிட்டது. கோட்டுக்குக் கீழே பாசி பிடிக்காத கறுத்த மருந்துத் தீந்தை, மேலே வெள்ளை. கோடு பிழைத்தால் வெள்ளையில் பாசி ஏறும். ஆகவே புதிதாக நீர்மட்டம் பார்த்துக் குறிக்க வேண்டும், சீசன் தொடங்குவதற்குள் தோணி வேண்டும் என்றான்.

பாய்மரத்தைக் கழற்றி, கவிழ்த்து, அக்காவும் கலாஜினியும் கழுவித் தேய்த்து முடித்தார்கள். பள்ளம் விழுந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, பசை வைத்து, அதையும் தேய்த்தார்கள். யோகராசாவின் கண்ணுக்கு இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை என்று தகவல் வந்தது. அக்கா கை கழுவிக்கொண்டு போய்க் கேதீசனின் முன்னால் நின்றார்.

"இந்தத் தோணிக்கு நான் கோடு போடுறன் தம்பி."

அவன் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தான். அவர்களும் இந்தப் பக்கம் பார்த்தார்கள். அவன் எதற்குப் பயப்படுகிறான் என்பது தெரிந்ததுதான். அவர்கள் தோணிகளை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனால் அவனுக்குப் பிழைப்பு இல்லை. பொம்பிள தொட்டுக் கோடு போட்ட தோணியில் மீன் ஏறாது என்று அதில் ஒருவர் பொதுவாகச் சொல்லி வைத்தார்.

றிஸ்லான் மோட்டாரைத் துடைத்துக்கொண்டு நின்றவன் தலை நிமிர்த்தாமலே, அண்ணன் முறைக்குக் காக்கா போட்டுப் பதில் சொன்னான். "இதுல மீன் ஏறத் தேவயில்ல காக்கா. சனம் ஏறினாக் காணும்."

வலை தைத்தவர்களே சிரித்துவிட்டார்கள். கேதீசனுக்கு அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. மீன்பிடித் தோணி இல்லைத்தானே என்று அவர்களைப் பார்த்துச் சொன்னான். அக்காவைப் பார்த்து, பிழைக்காமல் செய்தால் பிறகு பார்ப்போம் என்றான். இந்தமுறை அந்தப் பார்ப்போமில் கொஞ்சம் உயிர் இருந்தது.

அது கச்சான் காற்று வீசுகிற காலம். வெயில் ஏறினால் காற்றும் ஏறி வாவி முழுக்கச் சிற்றலையாகிவிடும். தண்ணீர் அசையாமல் கிடப்பது விடியும் நேரத்தில் மட்டும். அடுத்த நாள் விடியற்காலை தோணியை நிமிர்த்தி இறக்கினார்கள். மோட்டாரைப் பூட்டி, பாய்மரத்தை உள்ளே கிடத்தி, சனத்துக்குப் பதிலாகக் கேதீசனும் றிஸ்லானும் ஏறி இருந்தார்கள். அக்கா சீலையை இடுப்பில் செருகி, நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினார். ஈரத்தில் பென்சில் பிடிக்காது. கையில் ஒரு ஆணி. தண்ணீர் தோணியைத் தொடுகிற இடத்தில் மெல்லக் கீறி, ஓரடி நகர்ந்து, அலை அடங்கக் காத்து, மறுபடி கீறினார்.

"நீங்க அசையாதீங்க."

"மூச்சும் விடப்படாதா?" என்றான் றிஸ்லான்.

"விடுங்க. மெல்லமா விடுங்க."

கேதீசன் சிலையைப்போல உட்கார்ந்திருந்தான். தன்னுடைய பட்டறையில் அவன் இவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. தோணியின் பக்கவாட்டில் கன்னம் வைக்கிற அளவுக்குக் கிட்டப்போய் அக்கா கீறினார். நிமிர்ந்த தோணியை அவர் தொட்டது அன்றைக்குத்தான் முதல்தடவை. ஆனால் அதை யோசிக்கிற முகம் இல்லை. குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது. சுற்றி முடிந்து கரையேறியபோது இருமல் வந்து, மணலில் குந்தி, அடங்கும்வரை இருந்துவிட்டு எழும்பினார்.

தோணியை மறுபடி கவிழ்த்தார்கள். ஆணிக் கீறல்கள் சின்னச் சின்ன வெள்ளைக் கோடாக உடம்பைச் சுற்றி ஓடின. நீர்மட்டத்திலேயே தீந்தையை நிறுத்துவதில்லை. அலை நக்குகிற இடமும் கறுப்புக்குள் வர வேண்டும் என்பதற்காகக் கீறலுக்கு இரண்டு விரல் மேலே மாஸ்கிங் ரேப் ஒட்டுவார்கள். யோகராசா ஒட்டும்போது அக்கா எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். நீளமாக இழுத்து, உடனே அழுத்தாமல், ஒரு முனையில் கண்ணை வைத்து ஓட்டம் பார்த்து, நெளிவு தெரிந்தால் உரித்து மறுபடி ஒட்டுவது. அக்கா இரண்டு விரலை வைத்து வைத்து அளந்தார். என் கடைக்கு வந்து இன்னொரு ரேப் வாங்கினார். நல்லாப் பிடிக்கிற ரேப்தானே என்று கேட்டார். ஓம் என்றேன்.

மத்தியானத்துக்குள் ரேப் ஓட்டம் பிடித்துவிட்டது. முன்மூக்கிலிருந்து பின்பக்கம்வரை ஒரே இழுவையாக இருந்தது. கேதீசன் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். தலையாட்டிவிட்டுச் சாமான் வாங்க ரவுணுக்குப் போனான்.

முதலில் வெள்ளை. அக்கா தூரிகையைத் தோய்த்து, விளிம்பிலிருந்து ரேப்வரை பூசத் தொடங்கினார். முகத்துணியை அவிழ்த்துக் கழுத்தில் விட்டிருந்தார். வேலை செய்கிற நேரத்தில் அவருடைய முழு முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். களைத்த முகம்தான், ஆனால் வாயோரம் லேசாக இளகியிருந்தது. கலாஜினி அங்கால் ஒரு வள்ளத்தைத் தேய்த்துக்கொண்டே, "முதலாளியம்மா, எங்கட பக்கமும் ஒருக்காப் பாருங்க" என்று கொழுவினாள். "கதைக்காமத் தேய் கா" என்றார் அக்கா. வயது எதுவானாலும் பெண்களுக்குள் கா தான். இரண்டு பக்கமும் வெள்ளை முடிந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அந்தத் தீந்தை சீக்கிரம் காய்கிற சாதி.

கறுப்பைத் தொட முன்பு கை காலைக் கழுவலாம் என்று தண்ணீரோரம் போனார். வாவியைப் பார்த்து நின்று, தலைமயிரை முன்னால் விட்டுக் குனிந்து, பிடரியில் தண்ணீர் வார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். தலை கீழே கிடக்க, கால்களுக்கு நடுவால் பின்னால் இருந்த தோணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கலாஜினிக்கு அது சிரிப்பாக இருந்தது. "என்னகா அது, தோணிக்கு வித்தை காட்டுறீங்களா?"

அக்கா நிமிரவில்லை. தலைகீழாகப் பார்க்கும்போது தோணி நிமிர்ந்திருந்தது. நிமிர்ந்த தோணியில் வெள்ளை எங்கே வந்து நிற்கிறது என்று தெரிந்தது. தண்ணீருக்குள் நின்றது.

கவிழ்ந்த தோணிக்கு மேல் என்பது கீழே. விளிம்புப் பக்கமாக இரண்டு விரல் இறங்கியிருக்க வேண்டிய ரேப்பை, அடிப் பக்கமாக இரண்டு விரல் ஏற்றி ஒட்டியிருந்தார் அக்கா. தோணியை நிமிர்த்திப் பார்த்துப் பழகிய யோகராசாவுக்கு இந்தப் பிழை வராது. காலமெல்லாம் கவிழ்ந்த தோணியிலேயே கை வைத்தவருக்கு மேல் என்றால் வானத்துப் பக்கம்தான். ஆணிக் கீறலெல்லாம் வெள்ளைக்குள் போய்விட்டன, உற்றுப் பார்த்தால் மட்டும் தழும்பாகத் தெரிந்தன.

கலாஜினி கட்டையைப் போட்டுவிட்டு வந்தாள். நடந்தது விளங்கியதும் குரலைத் தாழ்த்தினாள். வெள்ளைக்கு மேலேயே கறுப்பை, பிழைத்த இரண்டும் வர வேண்டிய இரண்டுமாக நாலு விரல் ஏற்றிப் பூசிவிடலாம், பார்க்கிற யாருக்கும் தெரியாது, அவளும் சொல்லமாட்டாள். உண்மைதான். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வழுவழுப்பான வெள்ளையில் மருந்துத் தீந்தை பிடிக்காது. சீசன் முடிகிறபோது தோல் உரிகிற மாதிரி உரியும்.

"உரிஞ்சா உரியட்டும் கா. அப்ப பாப்பம்" என்றாள் கலாஜினி.

"உரிஞ்சா மறுகா இஞ்சதான் கொண்டருவாங்க. ஆர் தேய்க்கிற? நான்தானே."

சொல்லிவிட்டு அக்கா ரயரில் உட்கார்ந்தார். சொன்னால் தூரிகை போய்விடும். சொல்லாமல் பூசினால் தூரிகை கையில் நிற்கும், பொய்யும் கூடவே தண்ணீருக்குள் நிற்கும். அவர் பெரிதாக எதையும் எடை போட்டதாகத் தெரியவில்லை. எழும்பிப் போய், கழற்றி வைத்த நீளக்கைச் சட்டையைத் தேடி எடுத்து மாட்டினார். ரேப்பை உரித்தார். ஒரு துண்டு மரத்தில் நாலு விரல் அகலத்துக்கு அடையாளம் வைத்து, முகத்தைக் கட்டிக்கொண்டு, தன் கையால் பூசிய வெள்ளையைத் தேய்க்கத் தொடங்கினார். கலாஜினி அடுத்த பக்கம் போய் நின்று தேய்த்தாள். முழுதாகக் காயாத தீந்தை தாளில் அப்பிக்கொண்டு வந்தது. அவர்கள் தாளை மாற்றி மாற்றி எடுத்தார்கள். கச்சான் அந்தத் தூசியை அள்ளி அவர்கள் மேலேயே கொட்டியது.

கேதீசன் வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே பார்த்தான். வெள்ளைத் தோணியில் மறுபடி தேய்க்கிற சத்தம் ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை.

அக்கா முகத்துணியை இறக்கினார். "ரேப்ப மாறி ஒட்டிப்போட்டன் தம்பி. மேல எண்டு நினச்சிக் கீழ."

அவன் தோணியைச் சுற்றி வந்தான். தலையைச் சரித்துப் பார்த்தான். கடைசியில் அவனும் குனிந்து தலைகீழாகப் பார்த்தான். நிமிரும்போது சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"ஆருக்குத் தெரியும்?"

"கலாஜினிக்கு. இப்ப உங்களுக்கு."

"கடக்காரத் தம்பி?"

மூவரும் தெருவுக்கு இந்தப் பக்கம் பார்த்தார்கள். நான் ஆணிப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினேன்.

"அவன் எங்க கதைக்கிற?" என்றாள் கலாஜினி.

கேதீசன் திட்டவில்லை. அவனும் களைத்துத்தான் போயிருந்தான். றிஸ்லானுக்குச் சொல்ல வேண்டாம், நாளைக்குச் சரியாக ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அக்காவுக்கு எதிர்பார்த்த ஏச்சு வராததில் ஆறுதல் இல்லை. அன்றைக்கு இரவு முழுக்க இருமியதாகப் பிறகு கலாஜினி சொன்னாள்.

அடுத்த நாள் ரேப் சரியான பக்கம் ஏறியது. ஒவ்வொரு தரம் விரல் வைத்து அளக்கும்போதும் அக்கா குனிந்து ஒருமுறை தலைகீழாகப் பார்த்துக்கொண்டார். வெள்ளை, பிறகு கறுப்பு. தீந்தை முழுதாக இறுக முன்பு ரேப்பை மெல்ல இழுத்து உரித்தபோது கத்தியால் வெட்டியது போன்ற ஒரு விளிம்பு வந்தது. றிஸ்லான் வந்து தோணியை இறக்கினான். கறுப்பு தண்ணீருக்கு மேலே இரண்டு விரல் அளவு தெரிய, தோணி சமமாக நின்றது. நல்லா இரிக்கி தாத்தா என்று, அவர்கள் பேச்சில் அக்காவைக் கூப்பிடுகிற முறையில் சொல்லி, பாயை விரித்துக்கொண்டு போனான்.

யோகராசா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, இவ்வளவு ஊத்தையாகவா இருந்தது இந்த இடம் என்று ஆச்சரியப்பட்டார். கண் புதிதாகியிருந்தது. மறுகரையில் நிற்கிற மாட்டின் கொம்பு தெரிகிறது என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். அக்காவும் சந்தோஷம் என்றுதான் சொன்னார். றிஸ்லான் ஒருநாள் தோணியோடு கரைக்கு வந்தபோது யோகராசா கோட்டைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் ஒரு நூல் அளவு இறங்கியிருக்கிறது என்றார். அது பின்னால் உட்காருகிற தன்னுடைய வயிறு என்று றிஸ்லான் ஒத்துக்கொண்டான்.

பிறகொரு நாள் காலை ஒரு மீன்பிடித் தோணி வந்து கவிழ்ந்து கிடந்தது. கேதீசன் வழக்கம்போல சாண்ட் பேப்பர்த் தாள்களைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினான். அக்கா வாங்கவில்லை.

"எனக்கு இனி ஏலா தம்பி."

அவன் கை நீட்டியபடியே நின்றது. யோகராசா இருந்த பக்கம் பார்த்தான். அண்ணனை அந்த வேலையிலிருந்து எப்படி எழும்பச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். இப்போது கண்ணும் நல்லாகி வந்துவிட்டார். இந்தத் தோணிக்காரர் உங்களைத் தொட விடமாட்டார், அது அக்காவுக்கே தெரியும்.

"தெரியும். நான் அவரப் போகச் சொல்லயில்ல. என்ர நெஞ்சு ஏலா எண்டுதான் சொல்றன். தேய்ச்சா இந்த மாரிக்கு நான் இருக்கமாட்டன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல கிடக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அதனாலோ என்னவோ கேதீசனுக்குப் பாப்பம் என்று சொல்ல வரவில்லை. தாள்களைத் தோணியின் மேல் வைத்துவிட்டு ரயரில் உட்கார்ந்தான். யோகராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பேசி முடிக்க நேரம் எடுத்தது. யோகராசாதான் முதலில் வழி சொன்னார். மீன் பிடிக்காத தோணிகள் அக்காவுக்கு. றிஸ்லானுடையது, அவனுடைய மச்சானுடையது, ஹோட்டல்காரர்களின் பாய்த்தோணிகள், கால் மிதிக்கிற வாத்துப் படகுகள். அவற்றுக்குக் கோடும் தூரிகையும் அக்கா. மீன்பிடித் தோணிகள் தன்னுடையவை. அந்தச் சனத்தின் மனதை இந்த வயதில் தன்னால் மாற்ற முடியாது என்றார். ஹோட்டல் தோணிகள் வருசத்தில் பாதிக் காலம்தான் வரும். மிச்சக் காலம்? கேதீசன் யோசித்து, மிச்சக் காலத்தில் கழுவுகிற வேலை மட்டும் செய்யுங்கள், காய்ந்த பிறகு தேய்க்க வேறு ஆள் பிடிக்கிறேன் என்றான். ஆள் கிடைக்கும்வரை, என்று கடைசியில் சேர்த்தான்.

"கிடைக்கிறவரைக்கும் ஆர்?"

கலாஜினி, தனக்கு இரண்டு கைதான் இருக்கிறது என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தாள்.

அக்கா தோணியின் மேலிருந்த தாள்களைப் பார்த்தார். முழுக்கக் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அந்தப் பாதியிலும் ஒரு துண்டு இன்னும் வாக்காகத்தான் இருந்தது. தாள்களை எடுத்துக் கேதீசனின் மடியிலேயே திருப்பி வைத்தார்.

"இண்டைக்கு நான் கழுவுறன். தேய்க்கிறதுக்கு ஆளப் பாருங்க."

வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீரோரம் போனார். கேதீசன் தாள்களை மடியில் வைத்தபடி இருந்தான். பிறகு போனை எடுத்து யாருக்கோ ஆள் கேட்டான். அங்கே கிடைக்கவில்லை. இன்னொருவருக்கு எடுத்தான். அக்கா தோணியின் முதுகில் முதல் வாளித் தண்ணீரை வீசி ஊற்றினார்.